மடியும் கூரை, முடியும் தவணை: அமெரிக்காவில் சொகுசு கன்வெர்டிபிள் கார்களின் உத்தரவாதச் சிக்கல்

கூரையை மடித்துப் பின்பெட்டிக்குள் மறைத்துக்கொள்ளும் காரை அமெரிக்காவில் கன்வெர்டிபிள் என்கிறார்கள். அதே நிறுவனத்தின் மூடிய காரைவிட அதற்கு விலை கூடுதல். பழுதாகக்கூடிய இடங்களும் கூடுதல். இரண்டுக்கும் தரப்படும் உத்தரவாதம் மட்டும் ஒன்றே. பென்ஸ், பிஎம்டபிள்யூ, போர்ஷே ஆகிய மூன்று ஜெர்மன் நிறுவனங்களும் அமெரிக்காவில் புதுக் காருக்கு நெடுங்காலமாக அளித்துவருவது 4 ஆண்டு அல்லது 50,000 மைல், இவற்றில் எது முதலில் வருகிறதோ அது. 1998இல் ஹூண்டாய் தன் மலிவான கார்களின் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று அறிவித்தது. ஒரு லட்சம் டாலர் கொடுப்பவருக்குக் கிடைக்கும் வாக்குறுதி பதினைந்தாயிரம் டாலர் கொடுப்பவருக்குக் கிடைப்பதைவிடக் குறுகியது என்ற நிலை அன்று முதல் இருந்துவருகிறது.

பழுதுகள் ஏன் கூடுகின்றன என்பதற்குக் காரணம் காரின் உடலமைப்பிலேயே இருக்கிறது. மூடியோடு இருக்கும் அட்டைப்பெட்டியை முறுக்கினால் அது எளிதில் வளையாது. மூடியை வெட்டி எடுத்துவிட்டால் சிறு விசைக்கே வளையும். கூரை இழந்த காரும் அப்படித்தான். அடித்தளத்தையும் கதவுக்குக் கீழுள்ள பகுதியையும் எஃகால் தடிமனாக்கி அந்த இழப்பை ஈடுகட்டுகிறார்கள். ஆனாலும் மேடுபள்ளத்தில் உடல் சற்று அசையும். அசையும் உடலில் பொருத்திய ரப்பர் விளிம்புகள் தேயும், தேய்ந்த இடத்தில் மழைநீர் கசியும். கூரையில் விழும் நீரை வெளியேற்ற மெல்லிய வடிகால் குழாய்கள் உண்டு. அவற்றில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே திரும்புகிறது. 1996இல் அறிமுகமான போர்ஷே பாக்ஸ்டர் காரில், சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பெட்டி ஓட்டுநர் இருக்கையின் கீழ்த் தரையில் வைக்கப்பட்டிருந்தது. வடிகால் அடைத்து அந்தப் பெட்டி நனைந்தால் கார் கிளம்பாது. உத்தரவாதத் தாளில் உள்ள வாசகமோ 'பொருளிலோ வேலைப்பாட்டிலோ உள்ள குறை' என்பது. சருகை அள்ளாதது உரிமையாளரின் பராமரிப்புக் குறை என்று டீலர் சொல்லலாம்; மின்னணுப் பெட்டியைத் தண்ணீர் தேங்கும் இடத்தில் வைத்தது வடிவமைப்புக் குறை என்று உரிமையாளர் சொல்லலாம். உத்தரவாதத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

கூரையை இயக்கும் பொறி அடுத்த சிக்கல். 1957 முதல் 1959 வரை ஃபோர்டு விற்ற ஸ்கைலைனர் காரில் உலோகக் கூரை முழுவதும் மின்விசையால் மடிந்து பின்பெட்டிக்குள் இறங்கியது. அதற்கு 600 அடிக்கும் மேற்பட்ட மின்கம்பி, 10 ரிலே, 10 எல்லைச் சுவிட்ச், 7 மோட்டார்கள் தேவைப்பட்டன. ஒரு சுவிட்ச் தவறான சைகை கொடுத்தாலும் கூரை பாதியில் நின்றுவிடும். 1996இல் பென்ஸ் தன் எஸ்எல்கே காரில் இதே எண்ணத்தை ஹைட்ராலிக் விசையோடு மீண்டும் கொண்டுவந்தது. கட்டளையிடும் வேலை கணினிக்கு மாறியதே தவிர, பத்துப் பதினைந்து உறுப்புகள் வரிசை தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாக இயங்க வேண்டும் என்ற நிபந்தனை மாறவில்லை.

அமெரிக்கச் சொகுசுத் தயாரிப்பில் இக்கதைக்கு எடுத்துக்காட்டு காடிலாக் அலாண்டே. 1987ஆம் ஆண்டு மாடலாக வந்த அதன் விலை 54,700 டாலர். அந்நாளில் அது மிகப் பெரிய தொகை. உடற்கூட்டை இத்தாலியின் டூரின் நகரில் பினின்ஃபரினா நிறுவனம் செய்தது. பிரத்தியேகமாக மாற்றியமைத்த போயிங் 747 விமானம் ஒரு தடவைக்கு 56 உடற்கூடுகளை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்தது. உலகின் மிக நீண்ட அசெம்பிளி லைன் என்று வியந்து பேசப்பட்ட அந்த ஏற்பாட்டின் முடிவில் வாங்கியவர் கையில் கிடைத்தது கைவிசையால் மடிக்கும் துணிக்கூரை; தொடக்க ஆண்டுகளில் அது ஒழுகுகிறது, காற்றில் இரைகிறது என்ற புகார்கள் நிரம்ப எழுந்தன. கடல் கடந்து உடலைப் பறக்கவைக்கச் செலவிட்ட பணத்தில் ஒரு பங்கு கூரை விளிம்புக்குப் போயிருந்தால் காரின் பெயர் தப்பியிருக்கும். 1993இல் நல்ல எஞ்சின் கிடைத்த அதே ஆண்டில் உற்பத்தி நின்றது. மொத்தம் விற்றவை சுமார் 21,000.

ஜாகுவார் எக்ஸ்கே8 கன்வெர்டிபிளின் கோளாறு வேறு வகை. கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டும் கொக்கியும் ஹைட்ராலிக் விசையில் இயங்கியது. அதற்கான குழாய்கள் ஓட்டுநரின் தலைக்கு மேல், பின்னோக்குக் கண்ணாடிக்கு அருகில் வந்து முடிந்தன. ஆண்டுகள் ஆக ஆகக் குழாய் வலுவிழந்து, ஒருநாள் பூட்டும்போது வெடித்து, பச்சைநிற எண்ணெய் உள்ளிருப்பவர் மேல் கொட்டும். உரிமையாளர்கள் இதற்குப் 'பச்சைக் குளியல்' என்றே பெயரிட்டார்கள். பம்பின் மின்சுற்றில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து அழுத்தத்தைக் குறைப்பது தீர்வு என்று கண்டுபிடித்தவர்களும் அவர்களே. குழாய் முதுமையடைய எடுக்கும் காலம் உத்தரவாதத்தின் காலத்தைவிட நீண்டது என்பதால் செலவு பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழுந்தது.

2001இல் அறிமுகமாகி 2003ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவுக்கு வந்த பென்ஸ் எஸ்எல் தனியாகப் பார்க்கத்தக்கது. உலோகக் கூரை 16 விநாடியில் மடிந்தது. ஆனால் அந்தக் காரின் பெயரைக் கெடுத்தது கூரையல்ல, பிரேக். சென்சோட்ரானிக் என்ற முறையில், மிதிக்கும் சக்கரத்துக்கும் இடையே வழக்கமான நேரடி இணைப்பு இல்லை. மின்சைகையை வாங்கிக் கணினி ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சக்கரத்துக்கு அனுப்பும். பழுதானால் குறைந்த விசையுள்ள மாற்று வழி மட்டும் எஞ்சும். மிதியை ஓங்கி அழுத்தினால்தான் கார் நிற்கும். 2004இல் உலகம் முழுவதும் 6,80,000 கார்களும், 2005 மார்ச்சில் பல்வேறு மின், பிரேக் குறைகளுக்காக 13 லட்சம் பென்ஸ் கார்களும் திரும்ப அழைக்கப்பட்டன. 2006இல் ஈ கிளாஸ் காரிலிருந்து அந்த முறையை நிறுவனமே கைவிட்டது. பம்புக்குள் ஓர் எண்ணி உண்டு. குறித்த எண்ணிக்கையில் பிரேக் அடித்த பிறகு, பம்ப் நன்றாக ஓடினாலும் மாற்றச் சொல்லி எச்சரிக்கை வரும். மாற்றும் செலவு ஆயிரக்கணக்கான டாலர். பல ஆண்டுக் கசப்புக்குப் பிறகு, 2018இல் பென்ஸின் அமெரிக்கக் கிளை இந்த ஓர் உறுப்புக்கு மட்டும் உத்தரவாதத்தை 25 ஆண்டாக, மைல் வரம்பின்றி நீட்டியது. இத்துறையில் இதற்கு நிகரான நீட்டிப்பு அரிது. பாதுகாப்பைத் தொடும் உறுப்பில் நான்காண்டுக் கணக்கு செல்லாது என்பதை ஒரு நிறுவனம் தானே ஒப்புக்கொண்டதாகவே இதைக் கொள்ள வேண்டும்.

அந்த அளவு ஒப்புதல் பாக்ஸ்டர் உரிமையாளர்களுக்குக் கிடைக்கவில்லை. அக்காரின் எஞ்சினுக்குள், வால்வுகளை இயக்கும் சங்கிலிகளைச் சுழற்ற ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் முனையில் அடைபட்ட பால் பேரிங் ஒன்று. அதற்குள் இருக்கும் கிரீஸ் நாளடைவில் எஞ்சின் எண்ணெயில் கரைந்து வெளியேறும். பேரிங் நொறுங்கினால் சங்கிலியின் நேரக்கணக்கு தவறி, வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே நாசமாகும். எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் அந்த பேரிங்கின் விலை மிகச் சொற்பம். கலிபோர்னியாவின் மத்திய மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2001 மே 4 முதல் 2005 பிப்ரவரி 21 வரை தயாரான கார்கள், பயன்பாட்டுக்கு வந்த 10 ஆண்டு அல்லது 1,30,000 மைலுக்குள் பழுதானால் இழப்பீடு என்பது ஏற்பாடு. வாரம் ஒருமுறை மட்டும் எடுத்து, வருடம் மூவாயிரம் மைல் ஓட்டிப் பொத்திப் பாதுகாத்த காரில் பதினோராம் ஆண்டில் பேரிங் போனால் ஒன்றும் கிடையாது. 2009ஆம் ஆண்டு மாடலின் புது எஞ்சினில் அந்த இடைத்தண்டையே போர்ஷே நீக்கிவிட்டது.

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் பிறந்தது டெஸ்லா ரோட்ஸ்டர். இங்கிலாந்தின் லோட்டஸ் ஆலையில் உடல் தயாராகி, மென்லோ பார்க்கில் மின்மோட்டாரும் பேட்டரியும் ஏறின. கையால் கழற்றும் துணிக்கூரை; விலை சுமார் 1,09,000 டாலர்; 2008 முதல் 2012 வரை விற்றவை ஏறத்தாழ 2,450. சக்கரத் தாங்கிப் போல்ட்டுக்காக 2009இல் 345 கார்களும், துணை மின்கம்பி உரசித் தீப்பிடிக்கும் ஆபத்துக்காக 2010இல் 439 கார்களும் திரும்ப அழைக்கப்பட்டன. 2012 பிப்ரவரியில் எழுந்த சர்ச்சை வேறு. சார்ஜ் போடாமல் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த கார்களில் பேட்டரி முற்றிலும் வற்றி, மீண்டும் ஏற்றவே முடியாத கட்டியாகிப்போனது. புதுப் பேட்டரிக்குச் சுமார் 40,000 டாலர். இது பராமரிப்புக் குறை, கையேட்டில் எச்சரித்திருக்கிறோம், ஆகவே உத்தரவாதத்தில் வராது என்பது நிறுவனத்தின் நிலை. நீண்ட பயணம் போகும் ஒருவர் சாதாரணக் காரை நிறுத்திவிட்டுப் போனால் கெட்டுப்போவது அதிகபட்சம் நூற்றைம்பது டாலர் பேட்டரிதான். எச்சரிக்கையைத் தாளில் அச்சிட்டதோடு கடமை தீர்ந்தது என்ற வாதம் சட்டப்படி நிற்கலாம், நியாயப்படி நிற்காது.

பழுதுகளைக் கூரையின் மேல் மட்டும் சுமத்தக் கூடாது என்பதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. 2001 முதல் 2010 வரை ஜப்பானில் தயாரான லெக்சஸ் எஸ்சி 430 காரிலும் உலோகக் கூரை மின்விசையில் மடிந்தது. நம்பகத்தன்மையில் அதற்கு நல்ல பெயரே இருந்தது. ஆகவே பொறி சிக்கலானது என்பதால் மட்டும் கெட வேண்டியதில்லை. புதிய நுட்பத்தை முழுதாகச் சோதிக்காமல் விலையுயர்ந்த காரில் முதலில் நுழைக்கும் வழக்கமே பெரும்பாலான துன்பங்களுக்கு வேர். அந்தச் சோதனையின் செலவைத் தாங்குவது முதல் தலைமுறை வாங்குபவர்.

இனிச் சட்டம். சொகுசுக் கார் இறக்குமதியின் தலைநகர் என்றே நியூ ஜெர்சியைச் சொல்லலாம். பிஎம்டபிள்யூவின் வட அமெரிக்கத் தலைமையகம் வுட்கிளிஃப் லேக்கில், ஜாகுவார் மாவாவில், ஃபெராரி எங்கிள்வுட் கிளிஃப்ஸில், பென்ஸ் 2015 வரை மான்ட்வேலில் இருந்தது. கார் வாங்குபவரின் உரிமைகளில் முதன்மையான இரண்டு தீர்ப்புகளும் அதே மாநிலத்தில் பிறந்தவை. 1955 மே மாதம் வாங்கிய புத்தம்புது பிளிமவுத் ஒன்று, பத்தே நாளில், மீட்டரில் 468 மைல் இருக்கையில், ஸ்டியரிங் பிடிப்பை இழந்து சுவரில் மோதியது. தயாரிப்பாளரின் தாளில் இருந்த உத்தரவாதம் 90 நாள் அல்லது 4,000 மைல். அதுவும் கெட்ட பாகத்தை மாற்றித் தருவது மட்டும். 1960இல் ஹென்னிங்சன் எதிர் புளூம்ஃபீல்டு மோட்டார்ஸ் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், பேரம் பேசும் வாய்ப்பே இல்லாதவர் கையெழுத்திடும் அச்சிட்ட தாள் அவருடைய உரிமையைப் பறிக்க முடியாது என்று தீர்த்தது. 1968இல் ஸாப்ரிஸ்கி ஷெவ்ரோலே வழக்கில், ஷோரூமிலிருந்து ஒரு மைல்கூடத் தாண்டாமல் நின்றுபோகத் தொடங்கிய புதுக் காரை ஏற்க மறுத்துக் காசோலையை நிறுத்தியவர் பக்கம் நீதிமன்றம் நின்றது. நம்பிக்கை ஒருமுறை ஆட்டங்கண்டபின் வேறொரு காரின் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டித் தருவது பரிகாரமாகாது என்பது அதன் சாரம்.

இவற்றைத் தொடர்ந்து 1970இல் கலிபோர்னியா சாங்-பெவர்லி சட்டத்தையும், 1975 ஜனவரியில் கூட்டாட்சி அரசு மேக்னசன்-மாஸ் சட்டத்தையும் கொண்டுவந்தன. பின்னது, எழுத்தில் தரும் உத்தரவாதத்தைப் புரியும்படி எழுதக் கட்டளையிட்டது. வென்ற நுகர்வோருக்கு வழக்கறிஞர் கட்டணத்தை நிறுவனமே தர வழிசெய்தது. தன் டீலரிடம் மட்டுமே சர்வீஸ் செய்தால்தான் உத்தரவாதம் என்ற நிபந்தனையைத் தடுத்தது. எண்ணெய் மாற்றத்தை வெளி மெக்கானிக்கிடம் செய்ததற்காக உத்தரவாதம் போய்விடும் என்று இன்றும் கவுண்டரில் சொல்லப்படுவதுண்டு, அது தவறு.

அதே 1970இல் பெர்க்லியில் பணியாற்றிய பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப், பழைய கார்ச் சந்தையைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல கார்கள் சந்தையைவிட்டு விலகி, ஓயாமல் பழுதாகும் 'லெமன்' கார்களே மிஞ்சும் என்று அவர் காட்டினார். 2001இல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. உத்தரவாதம் அந்த அறியாமையை ஈடுசெய்யும் கருவி என்றும் அவர் குறித்திருந்தார். 1982இல் கனெக்டிகட் முதல் லெமன் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு கலிபோர்னியாவும், விரைவில் மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன.

நியூ ஜெர்சி, டெக்சஸ், கலிபோர்னியா ஆகிய மூன்று மாநிலங்களின் அளவுகோல்கள் ஒன்றல்ல. நியூ ஜெர்சியில் 24 மாதம் அல்லது 24,000 மைலுக்குள், ஒரே குறைக்கு மூன்று முறை சர்வீஸுக்கு விட்டும் தீராவிட்டாலோ, கார் மொத்தம் 20 நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலோ, அது லெமன் என்று கருதப்படும். தயாரிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் கடைசி வாய்ப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். 10 நாள் அவகாசம். பிறகு மாநில நுகர்வோர் துறையின் லெமன் சட்டப் பிரிவில் 50 டாலர் கட்டி மனுச் செய்தால் நிர்வாக நீதிபதி விசாரிப்பார். டெக்சஸில் அதே 24 மாதம், 24,000 மைலுக்குள் நான்கு முறை, உயிருக்கு ஆபத்தான குறையானால் இரண்டு முறை, அல்லது 30 நாள். மனு மாநில மோட்டார் வாகனத் துறைக்கு. கட்டணம் 35 டாலர். கலிபோர்னியாவில் அனுமான வரம்பு 18 மாதம், 18,000 மைல் என்று குறுகியது. ஆனால் அந்த வரம்புக்கு அப்பாலும், உத்தரவாதக் காலத்தில் தோன்றிய குறைக்கு வழக்குத் தொடரலாம். வேண்டுமென்றே மறுத்த நிறுவனத்துக்கு இழப்பின் இருமடங்கு வரை தண்டத்தொகை உண்டு. டெக்சஸ் சட்டத்தில் ஒரு நுணுக்கம் சொகுசுக் கார் வாங்குபவரை நேராகத் தாக்குகிறது. காருக்கு ஈடான மாற்றுக் கார் தரப்பட்ட நாட்கள் அந்த 30 நாளில் சேரா. சொகுசு டீலர்கள் புன்னகையோடு லோனர் காரின் சாவியைத் தருவது வழக்கம். டாலஸ் புறநகரில் ஆறு வாரம் தன் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது என்று நினைப்பவரின் சட்டக் கணக்கில் ஒருநாள்கூட ஏறியிராது.

எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவான குறை காலக்கணக்கு. தினமும் வேலைக்குப் போகும் காரை மனத்தில் வைத்தே இந்த மாதங்கள் வகுக்கப்பட்டன. கன்வெர்டிபிள் பெரும்பாலும் வீட்டின் இரண்டாவது அல்லது மூன்றாவது கார். நியூ ஜெர்சியில் நவம்பரிலிருந்து மார்ச் வரை உப்புத் தூவிய சாலையில் அதை யாரும் இறக்குவதில்லை. இரண்டு குளிர்காலம் கழிந்தால் 24 மாதத்தில் எஞ்சுவது பதினான்கு. அதிலும் கூரை திறக்கப்படும் நாட்கள் சில. பே ஏரியாவில் மே முதல் அக்டோபர் வரை மழையே அரிது. வசந்தத்தில் வாங்கியவருக்குத் தன் கார் ஒழுகுகிறது என்று தெரியவே அரை ஆண்டு ஆகலாம். டெக்சஸ் வெயிலில் ரப்பர் விளிம்பு காய்ந்து வெடிக்க நான்கைந்து கோடை பிடிக்கும். அப்போது உத்தரவாதம் முடிந்திருக்கும். தங்கள் கார் எப்படிப் பயன்படுகிறது என்பதைத் தயாரிப்பாளர்களே நன்கறிவார்கள். கூரைப் பொறிக்கும் நீர்க்கசிவுக்கும் மட்டுமாவது தனியே நீண்ட உத்தரவாதம் தருவதே நேர்மை.

அடுத்தது, வந்து போகும் குறை. கூரை காலையில் பாதியில் நிற்கும். டீலரிடம் போனதும் ஒழுங்காக மடியும். ரிப்பேர் ஆர்டரில் 'குறை தென்படவில்லை' என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். பழுதுபார்க்கும் வாய்ப்பை நிறுவனத்துக்குக் கொடுத்தாயிற்று என்பதற்கு அதுவும் சான்றே. எழுதாமல் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவதுதான் ஆபத்து. பிஎம்டபிள்யூவின் என்63 எஞ்சின் எண்ணெயை அளவுக்கு மீறிக் குடிக்கிறது என்று 650ஐ உள்ளிட்ட பல மாடல்களின் உரிமையாளர்கள் புகார் சொன்னபோது, அது இயல்பே என்ற பதில் பலருக்குக் கிடைத்தது. நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2018இல் அந்தக் கூட்டு வழக்கு சமரசமானது.

பழைய சொகுசுக் கார் வாங்குபவரின் நிலை அண்மையில் மோசமாகியிருக்கிறது. 2024 அக்டோபர் 31 அன்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் உத்தரவாதம் மிச்சமிருக்கும் பழைய கார், லெமன் சட்டத்தின் 'புதிய வாகனம்' ஆகாது என்று ராட்ரிகஸ் வழக்கில் தீர்த்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு கையெழுத்தான ஏபி 1755 சட்டமும் 2025இன் திருத்தமும் வழக்குக் காலத்தைச் சுருக்கி, புதிய நடைமுறையில் சேர்வதா வேண்டாமா என்பதை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டன. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஸ்டெல்லான்டிஸ் சேர்ந்தன. டொயோட்டா, ஹோண்டா, டெஸ்லா சேரவில்லை. ஒரே மாநிலத்தில் காரின் பெயரைப் பொறுத்து உரிமை மாறுவது நல்ல சட்டத்துக்கு அழகல்ல. நியூ ஜெர்சியில் பழைய கார்களுக்கென்றே தனிச் சட்டம் உண்டு. ஆனால் மிகக் குறைவாக ஓடிய காருக்கும் அது தருவது 90 நாள் அல்லது 3,000 மைல் மட்டுமே.

உத்தரவாதம் முடிந்தபின் விற்கப்படும் நீட்டிப்பு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் உத்தரவாதமே அல்ல. மூன்றாம் நிறுவனம் விற்கும் சேவை ஒப்பந்தங்கள். 2024 ஜூலையில் கார்ஷீல்டு நிறுவனம், ஏமாற்றும் விளம்பரம் என்ற கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டைத் தீர்க்க 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு அமெரிக்கச் சட்டம் தாராளமாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. அங்கே லெமன் சட்டம் கிடையாது. 2006இல் மாருதி உத்யோக் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், கெட்ட பாகத்தை மாற்றித் தருவதே உத்தரவாதத்தின் கடமை, முழுக் காரையும் மாற்றக் கேட்க முடியாது என்று கூறியது.

காரைத் திருப்பி எடுக்கும் நிலை வந்தால், ஓட்டிய மைலுக்கு ஒரு தொகை கழிக்கப்படும். நியூ ஜெர்சியில் விலையை மைலால் பெருக்கி 1,00,000ஆல் வகுப்பார்கள், கலிபோர்னியாவில் 1,20,000ஆல். 1,20,000 டாலர் கார் 1,000 மைலில் முதன்முதலாகப் புகாருடன் போயிருந்தால் கழிவு முறையே 1,200, 1,000 டாலர். அதே புகார் 10,000 மைலில்தான் தாளில் ஏறியது என்றால் 12,000, 10,000. ஆகவே புதுக் காரை எடுத்த முதல் வாரத்திலேயே கூரையைப் பலமுறை திறந்து மூடுங்கள், தோட்டக் குழாயால் நீர் பாய்ச்சிப் பாருங்கள். குறை கண்டால் போனில் சொல்லி நிறுத்தாமல் காரைக் கொண்டுபோய் விடுங்கள். விட்ட தேதி, எடுத்த தேதி, மீட்டர் எண், உங்கள் வாயால் சொன்ன புகார் ஆகிய நான்கும் ரிப்பேர் ஆர்டரில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சாவியை வாங்குங்கள். கழிவுத்தொகை அந்த முதல் தாளில் உள்ள மீட்டர் எண்ணிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது.